நாரத்தை, நாரங்கம், ஆரஞ்சு: காட்ட வேண்டிய சான்று எது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் 'ஆரஞ்சு' என்னும் சொல்லின் பிறப்பைப் பற்றி வெளிவந்த கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். சமஸ்கிருதத்தில் 'நாரங்க' என்று வழங்கும் பழப்பெயர் தமிழிலிருந்து சென்றது என்றும், 'நாறும் காய்' என்ற தொடரே சுருங்கி 'நாரங்காய்' ஆகி வடக்கே போய், அங்கிருந்து உலகெங்கும் பரவியது என்றும் கட்டுரையாளர் எழுதியிருந்தார். அவர் சென்று சேரும் முடிவோடு எனக்குப் பெரிய பிணக்கு இல்லை. 'நாரங்க' என்பது வடமொழியின் சொந்தச் சொல் அன்று, திராவிட மொழிகளிலிருந்து பெற்றதாகவே இருக்க வேண்டும் என்று மொழியியலாளர் பலரும் கருதுகின்றனர். என் பிணக்கெல்லாம் அவர் காட்டிய சான்றோடுதான். நல்ல வழக்கொன்றை வலுவற்ற சாட்சியை நம்பி நடத்தினால், எதிர்த்தரப்பு அந்தச் சாட்சியை மட்டும் வீழ்த்திவிட்டு வழக்கையே தள்ளுபடி செய்யச் சொல்லும். அதனால்தான் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

ஐயத்துக்கு இடமில்லாத பகுதியை முதலில் சொல்லிவிடலாம். வடமொழி 'நாரங்க' பாரசீகத்தில் 'நாரங்' என்று ஆயிற்று. அரபு மொழியில் ககரத்தின் மெலிந்த ஒலியாகிய 'க்³' கிடையாது. ஆகவே பாரசீகச் சொற்களை ஏற்கும்போது அந்த ஒலி வரும் இடத்தில் பெரும்பாலும் 'ஜ்' என்ற ஒலியை அரபியர் இட்டுக்கொள்வர். அப்படி 'நாரங்' என்பது 'நாரஞ்ச்' ஆனது. ஸ்பானியத்தின் 'நரன்ஹா', போர்த்துகீசியத்தின் 'லரஞ்ச', இத்தாலியத்தின் 'அரான்ச்சா', பிரெஞ்சின் 'ஓரான்ஷ்', கிரேக்கத்தின் 'நெரான்ட்ஸி', ஹங்கேரியத்தின் 'நரன்ச்' ஆகிய எல்லாமே இந்த அரபு அல்லது பாரசீக வடிவத்தின் கிளைகள்தாம். நாம் இன்று சொல்லும் 'ஆரஞ்சு' என்பதில் உள்ள 'ஞ்சு' அந்த அரபு முத்திரையே. அந்த இடைவழி இல்லாமல் சொல் நேரே ஐரோப்பாவுக்குப் போயிருந்தால் அதன் ஈறு 'ங்கு' என்றோ 'ங்க' என்றோ நின்றிருக்கும். கட்டுரையாளர் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு ஒரே தாவலாகத் தாவிவிட்டதால் இந்த ஒலித்தடயம் அவருடைய கட்டுரையில் இடம்பெறவே இல்லை. சொல்லின் பயணத்தை நமக்குக் காட்டிக்கொடுப்பது அதுதான் என்பதால் இந்த விடுபடலைச் சிறிய குறை என்று கொள்ள முடியவில்லை.

பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த அரபு வரலாற்றாசிரியர் மசூதி, ஹிஜிரி 300-க்குப் பிறகு, அதாவது பொது ஆண்டு 912-ஐ ஒட்டி, இந்த மரம் இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டு முதலில் ஓமானிலும், பின்னர் பஸ்ரா, ஈராக், சிரியா ஆகிய இடங்களிலும் நடப்பட்டதாக எழுதியுள்ளார். இந்தியாவில் அதற்கிருந்த மணமும் நிறமும் புதிய மண்ணில் குறைந்துவிட்டன என்றும் அவர் வருந்துகிறார். பேரரசர் பாபரும் தம் நினைவுக் குறிப்புகளில் இந்துஸ்தானத்தின் பழங்களை ஒவ்வொன்றாகச் சொல்லி வரும்போது, 'நாரஞ்ச்' என்பது 'நாரங்' என்பதை அரபியர் தம் நாவுக்கேற்ப மாற்றிக்கொண்ட வடிவமாக இருக்கலாம் என்று ஊகித்து, இன்றைய பாகிஸ்தானின் வடமேற்கிலுள்ள பஜௌர், சுவாத் பகுதி மக்கள் 'நாரங்' என்றே சொல்வதை அதற்குச் சான்றாகக் காட்டுகிறார். போர்க்களத்துக்கும் பழத்தோட்டத்துக்கும் நடுவே வாழ்ந்த ஒருவர் பதினாறாம் நூற்றாண்டிலேயே ஊர்மக்கள் வாய்மொழியைச் சான்றாக வைத்து ஒலிமாற்றத்தை ஆராய்ந்திருக்கிறார் என்பது எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது.

அடுத்து, சொல்லின் முதலில் நிற்கும் 'ந' என்ற எழுத்து, அதாவது நகரம், எங்கே போயிற்று என்ற கேள்வி. ஆங்கிலத்தில் 'எ நாரஞ்சு' என்று சொல்லி வந்ததை மக்கள் 'அன் ஆரஞ்சு' என்று தவறாகப் பிரித்துக்கொண்டதால் நகரம் மறைந்தது என்று கட்டுரை கூறுகிறது. இது பல காலமாக வாய்வழி உலவி வரும் விளக்கம், ஆனால் பொருந்தாது. ஆங்கிலத்தில் அத்தகைய பிழைப்பிரிப்பு நிகழ்ந்ததற்கு வேறு சொற்கள் உண்டு என்பது மெய். மேலாடையைக் குறிக்கும் 'ஏப்ரன்' முன்பு 'நேப்ரன்' என்றே இருந்தது. பாம்பைக் குறிக்கும் 'ஆடர்' என்பதும் முன்பு நகரத்தோடு தொடங்கிய சொல்தான். ஆரஞ்சின் கதை வேறு. ஏறத்தாழ 1400-ஐ ஒட்டி ஆங்கிலத்தில் முதன்முதலில் எழுத்தில் காணப்படும்போதே அது நகரமின்றி, பிரெஞ்சு வழியாக வந்திருக்கிறது. இத்தாலியத்திலும் பிரெஞ்சிலும் 'ஒரு' என்பதைக் குறிக்கும் அடைச்சொல் னகர ஒலியைக் கொண்டிருப்பதால், பிரிப்புக் குழப்பம் அந்த மொழிகளிலேயே நடந்து முடிந்துவிட்டது. பிரெஞ்சில் பொன்னைக் குறிக்கும் 'ஓர்' என்ற சொல்லின் சாயல் படிந்து முதல் உயிரும் மாறியது என்பர். இடைக்கால லத்தீனில் 'அவுரான்டியம்' என்று வடிவமைத்தவர்களும் பொன்னின் பெயராகிய 'அவுரும்' என்பதையே மனத்தில் வைத்திருந்தார்கள். தாவரவியலார் இன்றும் கசப்பு நாரத்தைக்கு இட்டிருக்கும் பெயரில் அந்தப் பொன் ஒளிந்திருக்கிறது. நிறப்பெயராக 'ஆரஞ்சு' ஆங்கிலத்தில் வழங்கத் தொடங்கியது பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான். அதற்கு முன் அந்த நிறத்தை 'மஞ்சட்சிவப்பு' என்ற பொருள்படும் கூட்டுச்சொல்லால் குறித்தார்கள். நாம் 'செம்மஞ்சள்' என்பதும் அதே வகைதான்.

இனி வடமொழிக்கு வருவோம். 'நாரங்க' என்ற சொல்லுக்கு வடமொழித் தாதுக்களில் இயல்பான வேர் எதுவும் கிடைப்பதில்லை. பாரசீகத்திலும் ஐரோப்பிய மொழிகளிலும் உள்ளவை கடன் வாங்கிய வடிவங்களே அன்றி, பொது மூதாதை மொழியிலிருந்து ஒவ்வொரு கிளையும் தனித்தனியே பெற்ற மரபுச் சொற்கள் அல்ல. வேத இலக்கியத்தின் பழைய அடுக்குகளிலும் இப்பெயர் இல்லை. மருத்துவ நூலாகிய சுசுருத சங்கிதையில்தான் எதிர்ப்படுகிறது. வடமொழி நிகண்டாகிய அமரகோசமோ 'நாகரங்க' என்ற வடிவத்தைத் தந்து, அதனோடு 'ஐராவத', 'நாதேயீ' போன்ற பெயர்களையும் அடுக்குகிறது. 'நாரங்க', 'நாகரங்க' என்று வடிவம் ஊசலாடுவதே, பொருள் விளங்காத வேற்றுமொழிச் சொல் ஒன்றைத் தம் மொழியின் பகுதிகளாகப் பிரித்துப் பார்க்க அறிஞர்கள் முயன்றதைக் காட்டுகிறது. 'நாக' என்பதற்கு வடமொழியில் பாம்பு, யானை, ஈயம் என்று பல பொருள்; 'ரங்க' என்றால் நிறம். ஈயத்திலிருந்து எடுக்கும் செந்தூரத்தின் நிறம் என்று ஒருவர் விளக்கம் சொன்னால் கேட்க நன்றாகத்தான் இருக்கும். நாகம் என்பதை யானையாகக் கொண்டு, அளவின்றிப் பழத்தைத் தின்ற யானையொன்று செரிமானக் கோளாற்றால் இறந்ததாகவும், அதனால் இப்பெயர் வந்ததாகவும் ஒரு கதை பல நாடுகளில் சுற்றி வருகிறது. தங்கள் கட்டுரையாளர் அந்த யானையை உள்ளே விடாதது எனக்கு மிகுந்த ஆறுதல் அளித்தது.

வடமொழியில் வேர் இல்லை என்பதால் மட்டும் சொல் தமிழ் என்று ஆகிவிடாது. அதற்குத் தனியே சான்று வேண்டும். கட்டுரையாளர் தரும் சான்று 'நாறு' என்னும் வினை. பழந்தமிழில் இவ்வினைக்கு இன்றுள்ள இழிபொருள் இல்லை, மணம் வீசுதல் என்பதே பொருள் என்று அவர் சொல்வது சரி. ஆனால் 'நாறு' என்பதில் இருப்பது வல்லின றகரம்; 'நாரத்தை' என்பதில் இருப்பது இடையின ரகரம். கரையும் கறையும், அரமும் அறமும் வேறு வேறு சொற்கள் என்று பள்ளிப் பருவத்திலேயே கற்கிறோம். இன்றைய பேச்சில் பல வட்டாரங்களில் இவ்விரண்டு ஒலிகளும் கலந்துவிட்டன. ஆனால் சொல் வடக்கே போயிருக்கக்கூடிய அந்தப் பழங்காலத்தில் தமிழில் கலக்கவில்லை. மலையாளத்தில் இன்றும் கலக்கவில்லை. அங்கே மணத்தல், நாற்றமடித்தல் என்று பொருள்படும் வினை வல்லின றகரத்தோடும், மரத்தின் பெயராகிய 'நாரகம்' இடையின ரகரத்தோடும் தெளிவாகப் பிரிந்து நிற்கின்றன.

வடமொழியில் ரகரம் ஒன்றே ஒன்றுதான். ஆகவே 'நாறங்காய்' என்று ஒரு சொல் போயிருந்தாலும் அங்கே அது 'நாரங்க' என்றே ஒலித்திருக்கும், எனவே தடையில்லை என்று கட்டுரையாளர் மறுமொழி சொல்லக்கூடும். அந்த மறுமொழியை ஏற்றுக்கொண்டால் வேறொரு இடத்தில் மாட்டிக்கொள்கிறோம். நம்மிடமும் மலையாளத்திடமும் இன்றிருக்கும் இடையின ரகர வடிவங்கள் அப்போது மூலச் சொற்களாக இருக்க முடியாது. வடமொழிக்குப் போய்த் திரும்பி வந்தவையாகவே இருக்க வேண்டும். அப்படியானால் 'நாரத்தை' என்ற சொல்லையோ 'நாரகம்' என்ற சொல்லையோ திராவிட மூலத்துக்குச் சான்றாகக் காட்டும் உரிமையை நாமே விட்டுக்கொடுத்துவிடுகிறோம். மூலமாக இருந்திருக்க வேண்டிய வல்லின றகர வடிவமோ எந்த நூலிலும் எந்த ஊர் வழக்கிலும் பதிவாகவில்லை. 'நாறு' என்ற விளக்கத்தைக் கைவிட்டால்தான் 'நாரத்தை' நம் கையில் சான்றாக நிற்கும். இரண்டையும் ஒருங்கே வைத்துக்கொள்ள வழியில்லை.

சங்க இலக்கியத்தில் வரும் 'நரந்தம்' என்ற சொல்லையும் கட்டுரை துணைக்கு அழைக்கிறது. அதியமான் நெடுமான் அஞ்சி இறந்தபோது ஔவையார் பாடிய புறநானூற்று 235-ஆம் பாட்டில் வரும் 'நரந்தம் நாறும் தன் கையால், புலவு நாறும் என் தலை தைவரும் மன்னே' என்னும் அடிகளை எடுத்துக்காட்டி, இங்கே அரசன் கையில் கமழ்வது ஆரஞ்சுப் பழத்தின் மணமே என்று தயக்கமின்றி எழுதியிருக்கிறார். அடிகள் மிகச் சிறந்தவை. நறுமணத்துக்கும் புலால் மணத்துக்கும் ஒரே வினையைப் பயன்படுத்தி, கொடுப்பவனுக்கும் பெறுபவளுக்கும் இடையிலிருந்த தொலைவை ஒரு தடவலில் அழித்துக் காட்டுகிறார் ஔவையார். ஆனால் இங்குள்ள நரந்தம் பழம்தான் என்று எதைக்கொண்டு சொல்வது? அதே புறநானூற்றில் 132-ஆம் பாட்டில் ஆய் அண்டிரனைப் பாடும் உறையூர் ஏணிச்சேரி முடமோசியார், இமயத்தில் 'நரந்தை நறும்புல் மேய்ந்த கவரி' என்கிறார். கவரி என்னும் விலங்கின் உணவாக, 'புல்' என்ற பெயரோடே சொல்லப்படுவதால் அது மணமுள்ள ஒருவகைப் புல் என்பதில் ஐயமில்லை. பதிற்றுப்பத்தின் 11-ஆம் பாட்டிலும் இமயத்துக் கவரி, அருவியோடு நரந்தத்தையும் கனவு காண்கிறது; மேய்ந்த புல்லைத்தான் அது கனவில் கண்டிருக்கும். குறிஞ்சிப்பாட்டின் நீண்ட பூப்பட்டியலில் நரந்தம் ஒரு பூவாக வருகிறது; அடுத்த அடியிலேயே குருந்து வருகிறது. அந்தக் குருந்தைக் காட்டெலுமிச்சை என்று இனங்காண்பவர்கள் உண்டு. ஆகவே நரந்தமும் அங்கே எலுமிச்சை இனத்து மரத்தின் பூவாக இருக்கலாம் என்று சொல்ல இடமுண்டு. சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட தமிழ்ப் பேரகராதி, நரந்தம் என்பதற்கு நாரத்தை, கத்தூரி, மணப்புல் என்று பல பொருள்களையும் தருவது இதனால்தான்.

இத்தனை பொருள்களுக்கும் பொதுவாக நிற்பது மணம் ஒன்றே. 'நரந்தம்' என்பது முதலில் ஒரு நறுமணப் பொருளின் பெயராக இருந்து, பின் அம்மணம் கொண்ட புல்லுக்கும் பூவுக்கும் கத்தூரிக்கும் பரவியிருக்கலாம். அதிலிருந்து முதல் உயிர் நீண்டு 'நாரத்தை' வந்தது என்று கொள்வதற்கு, இடையே ஒரு மெலிந்த தகரம் வலித்ததையும் சேர்த்து விளக்க வேண்டும். இதை நான் முடியாது என்று தள்ளவில்லை. ஆனால் ஔவையாரின் அடியே 'நாறு' கொள்கைக்கு எதிராகச் சாட்சி சொல்வதைக் கட்டுரையாளர் கவனித்திருக்கலாம். 'நரந்தம்', 'நாறும்' என்று அடுத்தடுத்த இரண்டு சொற்களில் ஒன்றில் இடையினமும் மற்றொன்றில் வல்லினமும் வருகின்றன. ஒன்று மற்றொன்றிலிருந்து பிறந்தது என்பவர், பக்கத்தில் பக்கத்தில் நின்றும் இரண்டும் எழுத்தில் கலக்காமல் நிற்பதற்குக் காரணம் சொல்லியாக வேண்டும்.

அப்படியானால் திராவிட மூலத்துக்கு எதைத்தான் சான்றாகக் காட்டுவது? என் பார்வையில் மிக வலுவான சான்று நம் வீட்டில் இல்லை, அண்டை வீடாகிய மலையாளத்தில் இருக்கிறது. அங்கே மாமரம் 'மாவு', அதன் காய் 'மாங்ங'. தென்னை 'தெங்ங்', அதன் காய் 'தேங்ங'. அதே முறையில் மரம் 'நாரகம்', காய் 'நாரங்ங'. நாம் மாங்காய், தேங்காய் என்று சொல்வதில் வரும் 'ங்காய்' என்னும் ஈறே அங்கு 'ங்ங' என்று மெலிந்திருக்கிறது. 'நாரங்ங' என்பது ஒற்றைப் பழத்தின் பெயரும் அன்று. எலுமிச்சை அங்கே 'செறுநாரங்ங', இனிப்பு ஆரஞ்சு 'மதுரநாரங்ங', ஊறுகாய்க்கு உதவும் புளிப்புக் காய் 'வடுகப்புளி நாரங்ங'. ஓர் இனம் முழுவதற்கும் பொதுப்பெயராக நின்று, முன்னொட்டுகளால் வகைவகையாகக் கிளைக்கும் சொல், ஒரு மொழியில் வேரூன்றி நெடுங்காலம் ஆன சொல்லாகவே பெரும்பாலும் இருக்கும். வடமொழி 'நாரங்க' என்பதில் உள்ள 'ங்க' என்னும் ஈறு, 'காய்' என்பதன் எச்சம் என்று கொண்டால், வடமொழியில் விளங்காத வால் இங்கே விளங்கிவிடுகிறது. 'நாரங்க' மலையாளத்துக்கு வந்து 'நாரங்ங' ஆனது, அதிலிருந்து மரத்துக்கு ஒரு பெயரைப் பின்னால் உருவாக்கிக்கொண்டார்கள் என்று எதிர்த்தரப்பு வாதிடலாம். அது தர்க்கப்படி முடியாதது அன்று. ஆயினும் அவர்கள் தமிழில் 'ங்க' இல்லாமல் நிற்கும் 'நாரத்தை' என்ற வடிவத்துக்கும் வேறொரு விளக்கம் தேட வேண்டியிருக்கும். நமக்கோ 'நார' என்ற அடியோடு ஒருபுறம் காயின் ஈறும், மறுபுறம் மரத்தின் ஈறும் சேர்ந்தன என்ற ஒரே விளக்கம் போதும்.

இவ்வகைக் கடனுக்கு இணையும் உண்டு. மாதுலுங்கம் என்று வடமொழி வழங்கும், எலுமிச்சை இனத்தைச் சேர்ந்த கொம்மட்டிமாதுளையின் பெயரைப் பாருங்கள். அம்மொழியிலேயே 'மாதுலுங்க', 'மாதுலங்க' என்று வடிவம் நிலைகொள்ளாமல் தடுமாறுகிறது. ஈற்றில் அதே 'ங்க' நிற்கிறது. கன்னடத்தில் அப்பழம் 'மாதள' என்றும், தெலுங்கில் 'மாதீபலமு' என்றும் வழங்க, தமிழில் 'மாதுளை' என்ற பெயர் வேறொரு பழத்துக்கு உரியதாயிற்று. மாதளவோடு காய் சேர்ந்தால் மாதுலுங்கம் ஆவது எளிதாகப் புரிகிறது. காலத்தால் பிந்திய, ஆவணங்களால் உறுதிப்பட்ட எடுத்துக்காட்டு வேண்டுமென்றால், பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் மலையாளக் கரையில் கேட்டு 'மங்கா' என்று எழுதிக்கொண்டு, பின் ஆங்கிலத்தில் 'மேங்கோ' ஆன சொல் இருக்கிறது. அங்கும் மேற்கே போனது மரத்தின் பெயர் அன்று, காயின் ஈறோடு கூடிய பெயர்தான். வாங்குபவன் கையில் சேர்வது காய். அதனால் அவன் செவியில் விழுவதும் காயின் பெயரே.

தேங்காயைக் குறிக்கும் 'நாரிகேள' என்ற வடசொல்லையும் இதே அணியில் சேர்த்திருந்தார் கட்டுரையாளர். 'நாலிகேர', 'நாரிகேர', 'நாரிகேல' என்று அதுவும் வடிவம் மாறுவதால் கடன்சொல்லாக இருக்க வாய்ப்பு மிகுதி. அதன் முதற்பகுதியை 'நார்' என்பதோடு பொருத்துவோரும் உண்டு. பாரசீகத்தில் 'நார்கீல்' ஆகி, தேங்காய்ச் சிரட்டையில் செய்த புகைக்குழலுக்கும் அப்பெயர் ஒட்டிக்கொண்டது. ஆறாம் நூற்றாண்டில் கிரேக்கத்தில் எழுதிய காஸ்மாஸ் என்ற வணிகர் அதை 'அர்கெல்லியா' என்கிறார். அங்கும் முதல் நகரம் காணாமல் போயிருப்பதைக் காணலாம். ஆனால் தேங்காய்க்குப் பொருந்தும் 'நார்' நாரத்தைக்கும் பொருந்தும் என்று சொல்லத் துணிவு வரவில்லை. எழுத்து என்னவோ சரியாகப் பொருந்துகிறது. சுளைகளைப் போர்த்தியிருக்கும் வெண்ணாரைச் சுட்டிப் பொருளையும் இழுத்துப் பொருத்திவிடலாம். எனக்கு அது இழுப்பாகவே படுகிறது. 'நார' என்ற அடி என்ன பொருள் தந்தது என்று தெரியாமலே சொல் திராவிடம் என்று நிறுவ முடியும். வேர்ப்பொருள் சொன்னால்தான் சொல் நமதாகும் என்ற பதற்றம்தான் 'நாறும் காய்' போன்ற விளக்கங்களைப் பிறப்பிக்கிறது.

திராவிட மூலத்துக்கு எதிராக வைக்கப்படும் வலிமையான வாதம் ஒன்று உண்டு. கட்டுரை அதை எதிர்கொள்ளவே இல்லை. அது மொழியிலிருந்து வருவது அன்று, தாவரவியலிலிருந்து வருவது. எலுமிச்சை, நாரத்தை இனத்தின் தாயகம் தெற்கன்று. அசாமின் கிழக்குப் பகுதி, வட மியான்மர், மேற்கு யுன்னான் ஆகியவற்றை உள்ளடக்கிய இமயத்தின் தென்கிழக்கு அடிவாரமே என்று 2018-இல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது. மேகாலயத்தின் காரோ மலைகளில் காட்டு ஆரஞ்சு இன்றும் இருக்கிறது. அதைக் காக்க நோக்ரெக்கில் காப்பகமே அமைத்திருக்கிறார்கள். ஆரஞ்சு, கசப்பு நாரத்தை ஆகிய இரண்டுமே, பம்பளிமாசோடு மாண்டரின் என்னும் சிறு ஆரஞ்சு வகை கலந்து பிறந்த கலப்பினங்கள். பழம் வடகிழக்கில் பிறந்திருக்க, பெயர் மட்டும் தெற்கில் எப்படிப் பிறக்கும் என்று கேட்பவர்கள் உண்டு. ஆஸ்திரோ-ஆசிய மொழிகளிலோ திபெத்-பர்மிய மொழிகளிலோ மூலத்தைத் தேட வேண்டும் என்பது அவர்கள் கருத்து.

இதற்கு விடை, செடியின் வழியும் சொல்லின் வழியும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை என்பதுதான். அதற்குச் சான்று இதே பழத்தின் பிந்திய வரலாற்றிலேயே கிடக்கிறது. இனிப்பு ஆரஞ்சைப் போர்த்துகீசியர் பரப்பியதால் அரபு மொழியில் அது 'புர்துகால்' ஆயிற்று. பாரசீகத்தில் 'போர்தகால்', துருக்கியத்தில் 'போர்தகல்', கிரேக்கத்தில் 'போர்தோகாலி'. போர்த்துகலில் அந்த மரம் தோன்றவில்லை என்பதை எல்லாரும் அறிவர். டச்சுக்காரர்களும் ரஷ்யர்களும் அதே பழத்துக்குச் 'சீனத்து ஆப்பிள்' என்ற பொருளில் பெயரிட்டார்கள். யார் கையிலிருந்து வாங்கினார்களோ, எங்கிருந்து வந்ததாக எண்ணினார்களோ, அவர்கள் பெயர் பழத்தில் ஒட்டிக்கொள்கிறது. கசப்பு நாரத்தை தெற்கே வளர்க்கப்பட்டு, தெற்கத்தியப் பெயரோடு வடமொழி மருத்துவர்களிடம் போய்ச் சேர்ந்திருக்க எந்தத் தடையும் இல்லை.

கட்டுரையாளர் சொல்லாமல் விட்ட இன்னொன்றும் உண்டு. எனக்கு இதுவே எல்லாவற்றினும் சுவையாகத் தோன்றுகிறது. மேலே சொன்ன விளக்கம் சரி என்றால், ஒரே சொல் தமிழில் மூன்று முறை குடியேறியிருக்கிறது. 'நாரத்தை' இங்கேயே இருந்த வடிவம். 'நாரங்கம்' என்று நிகண்டுத் தமிழிலும் மருத்துவத் தமிழிலும் காணப்படுவது, வடமொழிக்குப் போய் அதன் உடையோடு திரும்பிய வடிவம். 'ஆரஞ்சு' பாரசீகம், அரபு, இத்தாலியம், பிரெஞ்சு, ஆங்கிலம் என்று சுற்றிவிட்டுக் கப்பலில் வந்திறங்கிய வடிவம். மூன்றும் இன்று மூன்று வேறு வடிவங்களில் நிற்பதால், உறவு யார் கண்ணுக்கும் படுவதில்லை. தெலுங்கின் 'நாரிஞ்ச' என்பதில் 'ஞ்ச' நிற்பதைக் கொண்டு, அது பாரசீக, அரபு வழியில் வந்தது என்று ஊகிக்கலாம். சிங்களத்தில் 'நாரங்' என்பது மாண்டரின் வகையைக் குறிக்கிறது. ஆங்கிலச் சொல் வருமுன் நம் பக்கம் 'கிச்சிலி' என்ற பெயர் பரவலாக இருந்தது. கன்னடத்தின் 'கித்தளெ' அதன் உறவாகவே தோன்றுகிறது. ஈழத் தமிழர் 'தோடம்பழம்' என்பர். சிங்களத்தின் 'தொடம்' அதனோடு சேர்ந்து நிற்கிறது. வேறு குடும்பத்தைச் சேர்ந்த இந்தப் பெயர்கள் வழக்கில் இருந்ததும், 'ஆரஞ்சு' எளிதாக உள்ளே நுழைந்து 'நாரத்தை'யோடு மோதாமல் வாழ்வதற்கு ஒரு காரணம். புதிய சொல் வெளியேற்றியது கிச்சிலியைத்தான், நாரத்தையை அன்று.

இறுதியாக ஒரு திருத்தம். கட்டுரையோடு வெளியான வரைபடத்தில் தமிழகத்திலிருந்து புறப்படும் அம்புக்குறி, பாரசீகம், அரபு நாடுகள், ஸ்பெயின் ஆகியவற்றைத் தொட்டு, நெதர்லாந்தின் ஆரஞ்சு அரச மரபு வரை நீண்டு, அம்மரபின் பெயரும் நாரத்தையிலிருந்தே பிறந்தது என்ற குறிப்போடு முடிகிறது. அது தவறு. அம்மரபின் பெயர் தென் பிரான்சிலுள்ள ஓரான்ஷ் என்ற ஊரிலிருந்து வந்தது. உரோமானியர் காலத்தில் அவ்வூரின் பெயர் 'அரவுசியோ'. அது கெல்டிய மக்களின் நீர்த்தெய்வம் ஒன்றின் பெயரோடு தொடர்புடையது. வில்லியம் என்ற இளவரசர் 1544-இல் அச்சிற்றரசைப் பெற்றதால் ஊர்ப்பெயர் குடிப்பெயராயிற்று. ஊர்ப்பெயரும் பழப்பெயரும் பிரெஞ்சு நாவில் ஒரே ஒலியாக வந்து சேர்ந்த பிறகே, அவர்கள் பழத்தையும் அதன் நிறத்தையும் தம் சின்னமாக ஏற்றார்கள். நிறம் வரை அம்பு போகலாம். பெயருக்குப் போகக் கூடாது. இணையப் பதிப்பில் அந்த வரைபடம் இன்னும் அப்படியே இருக்கிறது. கடைசி அம்பை மட்டுமாவது நீக்கித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகர்